அந்தோணி செத்த பக்கம்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. மில்லிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்தில் செர்த்திபிகா பரீட்சை வரைக்கும் படித்தவர் என்பதால் ‘முசே’ என்போம். துரைமார்களைக் கூப்பிடுகிற சொல் அது. எங்கள் வாயில் பாதி மரியாதை, பாதி கிண்டல். ஒல்லியாக, காக்கி அரைக்கால் சட்டையோடு, காதோரம் எந்நேரமும் பஞ்சு ஒட்டியிருக்க நூல் சுற்றும் ரீலிங் பக்கம் நின்றுகொண்டிருந்த மனிதரை அப்படிக் கூப்பிடுவதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். “உய், உய்” என்று பிரெஞ்சில் ஆமாம் போடுவார்.

முசேவுக்குக் கெட்ட செய்தி சொல்ல வராது. சிலருக்கு ழகரம் வராது இல்லையா, அந்த மாதிரி இவருக்கு அது வராது.

அவர் அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் இறந்த அன்று நடந்ததை அவருடைய தங்கையே என்னிடம் சொல்லியிருக்கிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், “தூங்கிட்டு இருக்காரு, எழுப்ப வேணாம்னு வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு எல்லோருக்கும் தானே சோறு போட்டிருக்கிறார். அம்மா சாப்பிட்டாள், தங்கை சாப்பிட்டாள், தங்கை புருஷன் ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு வாங்கினார். எல்லோரும் கை கழுவி வந்த பிறகுதான் சுவரைப் பார்த்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாராம். “அன்னிக்கு நாங்க சாப்பிட்ட சோறு இன்னிக்கும் தொண்டையில நிக்குது” என்றார் அந்தத் தங்கை. ஆனால் இதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் சிரித்தார். முசேமேல் கோபப்படுவது அவ்வளவு சுலபமில்லை.

மில்லில் அவருக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எல்லாவற்றையும் அவர்தான் படித்துச் சொல்ல வேண்டும். நோட்டீஸ் போர்டு, கோர்ட்டுக் காகிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, ஊரிலிருந்து வருகிற கடிதம். காகிதத்தை வாங்கியதும் முதலில் வாய்க்குள் ஒரு தடவை ஓட்டுவார். தாடை மட்டும் அசையும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படிப்பார். படித்த மனிதர் நிதானமாகச் செய்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஒரு தடவை தறிக்காரர் ஒருவரை மூன்று நாள் சஸ்பெண்டு செய்து போர்டில் ஒட்டியிருந்தார்கள். அவர் முசேவிடம் வந்து “இன்னா போட்டிருக்கு?” என்று கேட்டார். “மூணு நாளு லீவு குடுத்திருக்காங்கப்பா. போய் நல்லா ரெஸ்ட் எடு” என்றார் முசே. அந்த மனிதர் குடும்பத்தோடு காலாப்பட்டு மாமியார் வீட்டுக்குப் போய் மூன்று நாளும் மீன் சாப்பிட்டுவிட்டு வந்தார். சம்பள நாளில் விஷயம் தெரிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முசேவைத் தேடினார். நாங்கள்தான் நடுவில் விழுந்து பிடித்தோம். முசே அசரவில்லை.

“அந்த மூணு நாளு நல்லா இருந்தியா இல்லியா? அதைச் சொல்லு மொதல்ல” என்றார்.

அந்த ஆள் யோசித்துப் பார்த்து, “இருந்தேன்” என்றார். கையிலிருந்த செருப்பு தானாகக் கீழே இறங்கியது. அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம்.

இனி சித்திரக்கதை விஷயத்துக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசியில் நான் பதிலி ஆளாக மில்லில் சேர்ந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் பஞ்சுக் கிடங்கின் பின்பக்கம் ஐந்தாறு பேர் கூடுவார்கள். நடுவில் முசே. கையில் ‘இருநிழல் வீரன்’ சித்திரக்கதைப் புத்தகம். மாதம் ஒன்று மெட்ராஸிலிருந்து பஸ் ஸ்டாண்டு கடைக்கு வரும். முறை வைத்து ஆளுக்கொரு மாதம் வாங்குவார்கள். சரியாகப் பன்னிரண்டு நிமிடத்தில் சோற்றை முடித்துவிட்டு, மீதி நேரம் முழுக்கக் கதை.

இருநிழல் வீரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வெயிலில் நின்றால் அவனுக்கு இரண்டு நிழல் விழும். ஒரு நிழல் அவனோடு இருக்கும். இன்னொன்று கழன்று போய்ப் பூட்டிய அறைக்குள் நுழையும், அயோக்கியர்களை அடித்துப் போடும், அணைக்கட்டில் வைத்த வெடியை எடுத்துவிடும். பொழுது சாய்வதற்குள் அது திரும்பி வந்து அவன் காலடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவன் செத்துப்போவான். அவனுக்கு எதிரி முகமில்லான். வீரனுக்கு ஒரே சிநேகிதன் படகோட்டி அந்தோணி.

எங்கள் ஆட்களுக்கு வீரனைவிட அந்தோணியைத்தான் பிடிக்கும். அவனுக்கு எந்தச் சக்தியும் கிடையாது. படகு ஓட்டுவான், அடி வாங்குவான், கடைசி நேரத்தில் வந்து சேருவான். ஆறுமுகம் அண்ணனுக்கு அந்தோணி என்றால் உயிர். பேல் மூட்டை தூக்குகிறவர், மூலக்குளத்தில் குடிசை, மனைவி செத்து ஐந்து வருஷம், ஒரே மகள் தனம். படம் பார்க்கக்கூட அவர் புத்தகத்துக்குள் எட்டிப் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “அந்தோணி வந்துட்டானா?” என்று நடுவில் ஒரு தடவை கேட்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

எனக்குப் படிக்கத் தெரியும். இருந்தாலும் நான் அங்கே உட்கார்ந்துதான் கேட்பேன். முகமில்லானுக்கு ஒரு குரல், வீரனுக்கு ஒரு குரல் என்று முசே படித்தால்தான் அது கதை. படித்த புத்தகங்கள் காதர் பாய் வீட்டுக்குப் போகும். அவருக்குத்தான் ஒழுகாத ஓட்டு வீடு. தேங்காய் நாரால் கட்டிப் பரணில் போட்டு, வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்.

ஒரு மாதம் காதர் பாய் காய்ச்சலில் படுத்துவிட்டதால் புத்தகம் என்னிடம் தங்கியது. சும்மா புரட்டினேன். அதில் அந்தோணி செத்துக் கிடந்தான். முழுப் பக்கத்துக்குப் படம், துறைமுகப் படிக்கட்டில், வீரன் மடியில். “நண்பா, படகைப் பார்த்துக்கொள்” என்று கடைசி வசனம்கூட இருந்தது. அன்று மத்தியானம் முசே அந்தப் பக்கத்தை எங்கள் கண்ணில் படாமல் சேர்த்துத் திருப்பியிருக்க வேண்டும்; அவர் படித்த கதையில் அந்தோணி சாகவே இல்லை. “நான் பிரான்சுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேரப் போகிறேன்” என்று கப்பல் ஏறியிருந்தான். நாங்களும் சரிதான் என்று தலையாட்டியிருந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு ஆள் போகிற எங்கள் ஊரில் ஒரு ஆளைக் காணோம் என்றால் இதைவிட நம்பத்தகுந்த காரணம் கிடையாது.

மறுநாள் அவரைத் தனியாகப் பிடித்தேன். “முசே, அந்தோணி செத்துட்டானே?”

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். “படிச்சிட்டியா நீ?”

“எதுக்கு மாத்திப் படிச்சீங்க?”

“விடியக்காலையில எழுந்து வந்து பஞ்சுத் தூசி திங்கிற ஆளுங்கப்பா. அரை மணி நேரம் ஒக்கார்றாங்க. அதுல இன்னொரு சாவு எதுக்கு அவங்களுக்கு? ஆறுமுகத்துக்கிட்ட அந்தோணி செத்துட்டான்னு நீ சொல்லுவியா? சொல்லு பாப்போம்.”

சொல்ல மாட்டேன் என்றுதான் எனக்கும் தோன்றியது. சொல்லவும் இல்லை. அது மட்டுமில்லை, அந்த ரகசியம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த இன்னொரு இருநிழல் வீரன் இருக்கிறான் என்று உள்ளுக்குள் கெத்தாக இருந்தது. “அந்தோணி எப்ப வருவான்?” என்று ஆறுமுகம் அண்ணன் கேட்கும்போதெல்லாம் முசே என்னைப் பார்க்காமல், “கடைசிச் சண்டைக்கு வந்துடுவாம்பா. அவன் வராமலா?” என்பார். நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். இதை எழுதும்போது எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது. கதையை மாற்றிப் படிக்கிற மனிதர் வேறு எதையெல்லாம் மாற்றிப் படிப்பார் என்று யோசிக்க எனக்குத் துப்பில்லாமல் போனது.

இதற்கிடையில் தனம் கல்யாணமாகிப் பெங்களூர் போய்விட்டாள். மாப்பிள்ளை கட்டட வேலை மேஸ்திரி. ஐந்தாவது வரைக்கும் படித்த பெண், தன் கையாலேயே கடிதம் எழுதுவாள். குடிசைக்குக் கதவு எண் ஏது? மில் ஆட்கள் பலருக்கும் மில் பெயர், டிபார்ட்மென்ட், டோக்கன் நம்பர், இதுதான் விலாசம். டைம் ஆபீஸில் இன்லண்டு லெட்டரைக் கொடுப்பார்கள். ஆறுமுகம் அண்ணன் அதை வேட்டியில் துடைத்த கையால் வாங்கிக்கொண்டு நேரே முசேவிடம் வருவார்.

முசே வாய்க்குள் ஓட்டுவார். செருமுவார். “அப்பாவுக்கு தனம் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். பெங்களூரில் குளிர் அதிகமாக இருக்கிறது. அவர் எனக்குக் கம்பளி வாங்கிக் கொடுத்தார்.” ஆறுமுகம் அண்ணன் கண்ணை மூடிக் கேட்பார். முடிந்ததும், “மாப்ளை மனசு கோணாம நடந்துக்கச் சொல்லி எழுதுங்க” என்பார். பதில் எழுதுவதும் முசேதான். நிறைய எழுதுவார். “இவ்ளோவா நான் சொன்னேன்?” என்று ஆறுமுகம் அண்ணன் ஆச்சரியப்படுவார். தனம் முழுகாமல் இருக்கிறாள் என்று ஒரு கடிதம் வந்தது. அது நிஜமாகவே அப்படித்தான் எழுதியிருந்தது. தூளி கட்டுவதற்குச் செத்துப்போன மனைவியின் புடவை ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருப்பதாக அண்ணன் எங்களிடம் சொன்னார். சொல்லும்போது வெட்கப்பட்டார்.

இருநிழல் வீரனின் கடைசி இதழ் வந்தது அந்த வருஷம் ஆவணியில். ‘இத்துடன் நிறைவடைகிறது’ என்று அட்டையிலேயே போட்டிருந்தது. ஏழு வருஷக் கதை. அன்று வேறு டிபார்ட்மென்ட் ஆட்கள்கூட வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

முசே அன்று வாய்க்குள் ஓட்டியது ஒரு தடவையில்லை, மூன்று தடவை. தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. பக்கத்தைத் திருப்புவதும் முன்னால் போவதுமாக இருந்தார். காதர் பாய் பொறுமை இழந்து, “படிய்யா, சங்கு ஊதிடப் போறான்” என்றார். முசே படித்தார்.

துறைமுகக் கோபுரம் பற்றி எரிகிறது. உச்சியில் வீரனும் முகமில்லானும் கட்டிப் புரளுகிறார்கள். பொழுது சாய்கிறது, நிழல் திரும்பி வரவில்லை. வீரன் முகமில்லானுடைய முகமூடியைக் கிழிக்கிறான். உள்ளே இருப்பது வீரனுடைய முகம். அடுத்த பக்கத்தில் கோபுரம் இல்லை. கடற்கரையில் ஒருவன் நடந்து போகிறான், அவனுக்கு ஒரு நிழலும் இல்லை. அதற்கடுத்த பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில். ஒரு குழந்தை கண் திறக்கிறது. சுவரில் இரண்டு நிழல். முற்றும்.

ஆறுமுகம் அண்ணன் கண்ணைத் திறந்தார். “அப்புறம்?”

“அவ்ளோதாம்பா. முற்றும்.”

“இன்னா முசே, வெளையாடுறியா? பக்கத்தைத் திருப்பு” என்றார் காதர் பாய். முசே திருப்பிக் காட்டினார். பின்னட்டையில் பல்பொடி விளம்பரம் இருந்தது.

“யாரு செத்தது? ஆளா, நெழலா?”

“அதான் போடல.”

“அந்தக் கொழந்தை யாரு?”

“அதுவும் போடல பாய்.”

ஆறுமுகம் அண்ணன் மெதுவாகக் கேட்டார். “அந்தோணி வரலியே? கடைசிச் சண்டைக்கு வருவான்னீங்களே.”

முசே புத்தகத்தை மூடினார். சங்கு ஊதிவிட்டது.

சாயந்திரம் காதர் பாயும் நானும் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனோம். பக்கம் விட்டுப்போயிருக்கும் என்று எங்களுக்கு நிச்சயம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே, “பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. காலையிலேர்ந்து வர்ற ஆளு பூரா இதையே கேக்குறான்” என்று எரிந்து விழுந்தார். வேறு பிரதி வாங்கிப் பார்த்தோம். அதே கடற்கரை, அதே கட்டில். ஒரு பையன் புத்தகத்தைக் கடைக்காரர்மேல் வீசிவிட்டுப் போனானாம்.

மில் ஆட்கள் சும்மா விடவில்லை. ஆசிரியருக்குக் கார்டு போடச் சொல்லி முசேவை உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு கேள்வி சொன்னார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. முசே படித்தார். “அன்புள்ள வாசகர்களே, முடிவை உங்கள் கற்பனைக்கே விட்டுவிட்டோம்.”

“ஏழு வருசமா காசு குடுத்தது நாம, கற்பனையும் நாமளே பண்ணணுமா?” என்று கத்தினார் காதர் பாய். பிறகு முசேவை ஒரு மாதிரி பார்த்தார். “அப்படித்தான் எழுதியிருக்கானா? இல்ல, நீ எதுனா மறைக்கிறியா?”

முசே அந்தக் கடைசி இதழை ஒரு எழுத்து மாற்றாமல் படித்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சரிபார்த்திருந்தேன். “ஏன் முசே, இதை மட்டும் நல்லபடியா முடிச்சிருக்கலாமே” என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். “கெட்டது எதுன்னு புரிஞ்சாதானே மாத்த முடியும்? இதுல எவன் செத்தான், எவன் பொழைச்சான்னே தெரியலியேப்பா. நான் எங்கேன்னு கை வைக்கிறது?” என்றார். அவர் முகம் அவ்வளவு வாடி நான் பார்த்ததில்லை.

காதர் பாய்க்கு அரபு எழுத்து தெரியும், தமிழ் படிக்கத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து மொத்தக் கட்டையும் இறக்கி, பத்தாவது படிக்கிற மகளை உட்கார வைத்து முதல் புத்தகத்திலிருந்து படிக்கச் சொல்லியிருக்கிறார். முடிவுக்கான துப்பு முன்னால் எங்கேயாவது இருக்கும் என்பது அவர் கணக்கு. மத்தியானத் தொழுகைக்கு முன்பே அந்தப் பெண் அந்தோணி துறைமுகப் படிக்கட்டில் செத்துக் கிடக்கிற பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் காதர் பாய் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

“அந்தோணி செத்து நாலு வருசமாச்சாமே முசே?”

முசே சிரிக்கப் பார்த்தார். “கதைதானே பாய்...”

“கதைதான். நாலு வருசம் அவன் வருவான் வருவான்னு எங்களைக் காக்க வெச்சியே, எதுக்குய்யா? நாங்க இன்னா பச்சப் புள்ளைங்களா? செத்தா செத்தான்னு சொன்னா தாங்க மாட்டோமா?” புத்தகக் கட்டைத் தூக்கி அவர் காலடியில் போட்டார். “இந்தா. உன் கதை, நீயே வெச்சுக்க.”

எல்லோரும் ஏதேதோ பேசினார்கள். ஆறுமுகம் அண்ணன் மட்டும் சோற்றைப் பாதியில் மூடி வைத்தார். முசே அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் ஷிப்டு முடிந்து வில்லியனூர் ரோட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். மதகின்மேல் ஆறுமுகம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பதினொரு இன்லண்டு லெட்டர்கள், வந்த வரிசையில்.

“தம்பி, இதைப் படி. அவர் படிச்ச மாதிரி வேணாம். இருக்கிற மாதிரி படி.”

முதல் இரண்டும் பரவாயில்லை. மூன்றாவதில் ‘இங்கு நலம்’ இல்லை. கம்பளியும் இல்லை. புருஷன் குளிரில் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டான் என்று இருந்தது. ஆறாவதில் காதில் அடித்துவிட்டான், இடது காதில் எந்நேரமும் இரைச்சலாக இருக்கிறது என்று இருந்தது. ஒன்பதாவது ஆடி மாதம் எழுதியது. ‘வயிற்றில் இருந்தது போய்விட்டது அப்பா. பக்கத்து வீட்டு அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது.’ அந்தக் கடிதத்தை முசே படித்தபோது நானும் அங்கே இருந்தேன். டாக்டர் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார் என்று படித்தார். அன்று காதர் பாய், பேரனா பேத்தியா என்று அண்ணனைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் கண்ணை மூடவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் நிறுத்தினால், “ம், படி” என்றார்.

கடைசிக் கடிதம் மூன்று வாரத்துக்கு முன்பு வந்தது. ‘பொங்கலுக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்புறம் சித்திரை என்று எழுதினாய். இப்போது ஆவணி என்கிறாய். நான் துணியெல்லாம் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். அவர் அடிக்கும்போதுகூட அப்பா வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்.’

“நான் எப்ப அப்படி எழுதினேன்?” என்றார் அண்ணன்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. முசே இந்தப் பக்கம் மட்டுமில்லை, அந்தப் பக்கமும் மாற்றியிருக்கிறார். அடிபட்டுக் கிடக்கிற பெண்ணுக்கு ‘மாப்பிள்ளை மனம் கோணாமல் நடந்துகொள்’ என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. அப்பா வருகிறேன் என்று எழுதிவிட்டார். பொங்கலுக்கு, சித்திரைக்கு, ஆவணிக்கு.

அண்ணன் அழவில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் அதன் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். “பெங்களூருக்கு எங்க பஸ் ஏறணும் தம்பி?” என்று கேட்டார். மறுநாள் காலை காதர் பாய் அவரோடு கிளம்பினார்.

நான்காம் நாள் தனத்தோடு திரும்பினார்கள். அவளுக்கு இடது காது முழுக்கப் போய்விட்டிருந்தது. அங்கே நடந்ததைக் காதர் பாய்தான் சொன்னார். வாசலில் அப்பாவைப் பார்த்ததும் அவள் ஓடி வரவில்லையாம். “இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டாளாம். “எனக்கு எதுவுமே தெரியாதும்மா, வேறொருத்தர் மாத்திப் படிச்சுட்டாரு” என்று அண்ணன் சத்தியம் செய்தார். அவள் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அந்தக் குடிசையில் அவருக்குச் சோறாக்கிப் போட்டாள், காய்ச்சலில் பார்த்துக்கொண்டாள். ஆனால் கடைசிவரை நம்பவில்லை. நான் போய்ச் சொன்னபோதும், “சரிண்ணா” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

முசேவை யாரும் அடிக்கவில்லை. ஆறுமுகம் அண்ணன் அவரோடு சண்டைகூடப் போடவில்லை, பேசுவதை விட்டுவிட்டார். யாரும் அவரிடம் காகிதம் எதையும் கொண்டுபோகவில்லை. அந்த வேலை என் தலையில் விழுந்தது. பஞ்சுக் கிடங்கின் பின்பக்கம் பூனைகள் படுத்துக் கிடந்தன. முசே தறி ஓரத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். தனத்தின் காதை நினைத்தால் அந்தப் பாவம் அப்படியே எரிச்சலாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நான் ரொம்ப நாள் திண்டாடினேன்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என் வீட்டுக்கு வந்தார். குடை இருந்தும் நனைந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஒவ்வொரு தடவையும் சொல்லிடணும்னுதாம்பா நெனைப்பேன். அவன் அப்படிக் கண்ணை மூடிக்கினு கேப்பான் பாரு... எனக்கு வாய் வராது.”

நான் அவர் குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கடைசி லெட்டரையும் படிச்சியா?”

“படிச்சேன்.”

“அப்படியேவா?”

“அப்படியேதான். ஒரு வரி விடல.”

“அவங்கம்மாவைப் பத்தி கடைசியில ஒரு வரி எழுதியிருந்துச்சே. அதையுமா?”

“அதையும்தான்” என்றேன்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, எப்படிப்பா தாங்குனான்?” என்றார். தனத்தைப் பற்றிக் கேட்கவில்லை, மன்னிப்பு என்று எதுவும் பேசவில்லை. மழையில் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

நான் சொன்னது பொய். அவரை நோகடிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அன்று மதகின்மேல் அந்த வரிக்கு வந்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. “இப்படிக்கு தனம்” என்று முடித்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டேன். ஆறுமுகம் அண்ணன் கடைசிவரை அதைக் கேட்காமலேயே போய்ச் சேர்ந்தார். கடிதத்தின் கடைசியில், சின்ன எழுத்தில், தனம் இப்படி எழுதியிருந்தாள்: ‘அம்மா இருந்திருந்தால் இந்நேரம் நடந்தாவது வந்திருக்கும்.’